தொப்பியைப் பற்றிச் சொன்னது யார்

“ஆள் யாரோ தெரியல, தொப்பி மட்டும் நல்ல தொப்பி.”

இந்த வாக்கியம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. சொன்னவர் யார் என்பதுதான் நினைவில்லை. காப்பிக் கடை ரேமோந்த் என்றால் அது வெறும் வேடிக்கைப் பேச்சு. பெலூ கிழவர் என்றால், அன்று மாலை அவர் வாசலில் நடந்ததை நான் வேறு மாதிரிப் புரிந்துகொள்ள வேண்டும். பல வருடங்களாக இரண்டு முகங்களையும் மாற்றி மாற்றி அந்த வாக்கியத்துக்குப் பின்னால் வைத்துப் பார்க்கிறேன். இரண்டுமே பொருந்துகின்றன. அதனால் நான் சொல்லப்போவதில் எவ்வளவு சரி என்று எனக்கே தெரியாது.

மார்ச் மாதத் தொடக்கம். புதன்கிழமை, தூறல். எங்கள் ஊர் மோன்சிராக்கில் கோபுரத்துச் சாவி என்னிடம் இருக்கும். கோடையில் பேருந்து பேருந்தாக வந்து எங்கள் பழைய மதிலையும் வளைந்த சந்துகளையும் படம் பிடித்துக்கொண்டு போவார்கள். மார்ச்சில் பூனைகளும் ரொட்டி வண்டியும்தான். அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். இரண்டு மணி இருக்கும், ஒரு பெண் கதவைத் தட்டினார். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். சாம்பல் நிற மழைக்கோட்டு. எங்கள் ஊர்க் கல்லுக்கு ஒத்துவராத செருப்பு.

“கோபுரத்துச் சாவி உங்ககிட்ட இருக்குன்னு காப்பிக் கடையில சொன்னாங்க.”

“இருக்கு மதாம். ஆனா மழை.”

“பரவால்ல. நான் ருவான்லேருந்து வர்றேன். எங்க ஊர்ல இதை மழைன்னே சொல்ல மாட்டோம்.”

பெயர் மாலே என்றார். மதாம் மாலே.

நான் படி ஏறும்போது பேச மாட்டேன். ஏறிய பிறகும் பேச மாட்டேன். மற்ற ஊர்களில் வழிகாட்டிகள் ஆங்கிலேயர் முற்றுகை, கொள்ளைநோய், பிரபுவின் மனைவி என்று அளந்துகொண்டே வருவார்கள். பார்க்க வந்தவர்கள் பார்க்கட்டும் என்று நான் விட்டுவிடுவேன். மேலே போனதும் எல்லாரும் ஆற்றைத்தான் பார்ப்பார்கள். இவர் ஆற்றைப் பார்க்கவில்லை. கீழே கூரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அது பிடித்திருந்தது.

“எத்தனை வீடு?” என்றார் கடைசியில்.

“நாப்பத்தொண்ணு. ஆள் இருக்கறது இருபத்தாறு.”

“எல்லாரையும் தெரியுமா உங்களுக்கு?”

“பொறந்ததுலேருந்து இங்கதான்.”

“அப்ப ஒவ்வொரு கூரையாக் காட்டிப் பேர் சொல்லுங்களேன்.”

யாரும் இப்படிக் கேட்டதில்லை. கை நீட்டிச் சொல்ல ஆரம்பித்தேன். அதோ புகை வருதே, அது கஸால், என் வீடு. பக்கத்தில் பெலூ. கிணற்றடியில் பாலான்ஸ், அதுதான் ரேமோந்தின் கடை. இப்படி இருபத்தாறும். அவர் உதடுகள் கூடவே அசைந்தன. நான் முடித்ததும் கொஞ்சம் காத்திருந்தார், நான் எதையோ விட்டுவிட்டேன் என்பதுபோல.

“லவாஸர்னு யாரும் இல்லையா?”

“இல்ல.”

“உர்பேன் லவாஸர். இருந்தா இப்ப எழுபது வயசு. என் அப்பா.”

அவருக்கு நான்கு வயதாகும்போது அப்பா ஒரு நாள் காலையில் ரயில்வே வேலைக்குக் கிளம்பிப் போனவர், திரும்பவில்லை. அம்மா அதைப் பற்றி வாயே திறந்ததில்லை. போன இலையுதிர் காலத்தில் அம்மா இறந்தபோது தையல் பெட்டியில் ஒரு பழைய உறை கிடைத்தது. உள்ளே கடிதம் இல்லை. தபால் முத்திரை மட்டும் எங்கள் பக்கத்து முத்திரை. அந்தத் தபால் நிலையத்தின் கீழ் நான்கு ஊர்கள். மூன்றில் அவர் கேட்டுவிட்டார்.

“இதுதான் கடைசி,” என்றார். “இங்கயும் இல்லேன்னா தேடறதை நிறுத்திடுவேன். காணாமப் போய் இத்தனை வருஷமாயிட்டா, கோர்ட்டுல கேட்டா இறந்துபோனவர்னு எழுதிக் குடுப்பாங்களாம். வக்கீல் காகிதத்தைத் தயாரா வெச்சிருக்கார். நான் கையெழுத்துப் போடணும், அவ்ளோதான்.”

“அதுவா வேணும் உங்களுக்கு?”

“ஏதாவது ஒண்ணு வேணும், முசியே. இருக்கார்னாவது, இல்லைன்னாவது. ரெண்டுக்கும் நடுவுல நின்னு கால் வலிக்குது.”

மேயர் அலுவலகத்துக்குப் போனதாகவும் பூட்டியிருந்ததாகவும் சொன்னார். செவ்வாயும் வெள்ளியும் காலையில் மட்டும்தான் திறப்பார்கள் என்றேன். வெள்ளிவரை தங்க முடியாது, ஊருக்குப் போனதும் ஃபோனில் கேட்கட்டுமா என்றார்.

“தேவையே இல்ல மதாம். எனக்குத் தெரியாத ஆள் இந்த ஊர்ல கிடையாது.”

இதைச் சொன்னது நான். இதில் மட்டும் சந்தேகமே இல்லை. அன்று பேசியவற்றில் எதை மறக்க விரும்புகிறேனோ அதுதான் உறுதியாக இருக்கிறது.

கீழே வந்து வருகையாளர் புத்தகத்தில் எழுதினார். பிறகு சந்து வழியாக இறங்கினோம். பெலூ தன் வீட்டு வாசலில், கூரை நீட்டலுக்குக் கீழே உட்கார்ந்து, மடியில் பலகையை வைத்து மரச் சுத்தியலால் அக்ரூட் உடைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் சுத்தியலை நிறுத்தினார்.

“ஏய் கஸால், மழையில யாரை இழுத்துக்கிட்டு அலையற? இந்த இடிஞ்ச சுவரைக் காட்டக் கோடையில ஆள் கெடைக்கலையா உனக்கு?”

“அவங்களா வந்தாங்க.”

“அப்ப கோளாறு அவங்களுக்குத்தான்.” மதாம் மாலே பக்கம் திரும்பினார். “கோச்சுக்காதீங்க மதாம். கையை நீட்டுங்க.”

உடைத்த பருப்பை ஒரு பிடி அள்ளி அவர் கையில் போட்டார். மதாம் மாலே நின்றபடியே தின்றார். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை போலிருந்தது.

“எந்த ஊரு?”

“ருவான்.”

“ரொம்ப தூரம்.”

“ஆமா.”

“அங்க மழையா?”

“எப்பவும்.”

“அப்ப சரி,” என்றார் பெலூ.

அப்போது தேவாலய மணி நான்கு அடித்தது. இரண்டு நிமிடம் கழித்து மறுபடி நான்கு. வந்தவர் நிமிர்ந்து பார்த்தார். “திரும்பவும் அடிக்குதே?”

“முதல் தடவை யாரும் எண்ணறதில்ல,” என்றார் பெலூ. “அட, மணி அடிக்குதேன்னு காதைக் குடுக்கறதுக்குள்ள ரெண்டு போயிடும். அதுக்குத்தான் மறுபடியும்.”

“தெரியாதவங்க எட்டுன்னு நினைச்சுக்க மாட்டாங்களா?”

“தெரியாதவங்க கையில வாட்சு இருக்கும்.”

சிரித்தார்கள். இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள்.

இரண்டு மணிச் சத்தத்துக்கும் நடுவே இருந்த அந்த இரண்டு நிமிடங்களில்தான் என் நினைவு கிழிந்திருக்கிறது. மதாம் மாலே பையைத் திறந்து ஒரு படத்தை எடுத்தாரா? லவாஸர் என்ற பெயரைச் சொன்னாரா? ரேமோந்தின் கடையில் படம் வெளியே வந்தது நிச்சயம். பேருந்துக்கு நேரமிருந்ததால் அங்கே உட்கார்ந்தோம். கடற்கரையில் ஓர் ஆள், அகலத் தொப்பி, முகம் முழுக்க நிழல். தோளில் ஒரு குழந்தையின் கால்கள் மட்டும் தெரிகின்றன. ரேமோந்த் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள்.

“இதுல மூஞ்சியே இல்லையே மதாம். நிழலை வெச்சு ஆளைத் தேடறதா?”

தொப்பியைப் பற்றிய வாக்கியம் இங்கே வந்ததா, பெலூவின் வாசலில் வந்ததா? எனக்குப் படத்தின் மேல் ஒரு துளி தூறல் விழுந்து, அதை யாரோ கட்டைவிரலால் துடைத்த ஞாபகமும் இருக்கிறது. கடைக்குள் எங்கிருந்து தூறல்?

நாலரைப் பேருந்தில் அவர் போய்விட்டார்.

பதினோரு நாள் கழித்து ஊராட்சித் தேர்தல். வாக்குச் சாவடியில் வழக்கமாக உட்காருபவர் இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருந்தார். படிக்கிற ஆள், சும்மாதானே இருக்கிறான் என்று மேயர் என்னை உட்கார வைத்தார். அந்த வருடம்தான் வாக்களிப்பவரே பட்டியலில் தன் பெயருக்கு எதிரே கையெழுத்துப் போட வேண்டும் என்று புது விதி. அதுவரை மேசையில் இருப்பவர்களே ஒரு கிறுக்குக் கிறுக்கிவிடுவார்கள். பெரும்பாலோர் வாக்காளர் அட்டையோடு வந்தார்கள். அட்டையில் இருக்கும் பெயரைப் பார்த்துப் பட்டியலில் இடத்தைக் காட்டினேன்.

பத்தரைக்கு பெலூ வந்தார். அட்டை இல்லை. அடுப்புக்குப் போயிருக்கும் என்றார். பரவாயில்லை, உங்களை யாருக்குத் தெரியாது என்று நான் பட்டியலில் ‘பி’ வரிசையைத் திருப்பினேன். பெலூ இல்லை. மறுபடி பார்த்தேன். வரிசையில் பின்னால் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள்.

“என்ன கஸால், படிச்ச ஆளுதான நீ? எழுத்துக் கூட்டத் தெரியலயா?”

பெலூ குனிந்தார். தாழ்ந்த குரலில், “மேல போ. எல்-ல பாரு,” என்றார்.

எங்கள் பக்கத்தில் பெயர் வீட்டுக்குத்தான். அதில் யார் குடியிருக்கிறார்களோ அவர்கள் அந்தப் பெயரை எடுத்துக்கொள்கிறார்கள். என் அப்பா வழிப் பெயர் தெல்ரியூ. மின்சாரக் கட்டண ரசீதில் இருக்கிறது. சந்தையில் யாராவது தெல்ரியூ என்று கூப்பிட்டால் நான் திரும்பிப் பார்ப்பேனா என்று சொல்ல முடியாது. முப்பது வருடத்துக்கு முன் வடக்கே எங்கிருந்தோ ஓர் ஆள் வந்தார். லிமோஜுக்கு மேலே எல்லாமே எங்களுக்கு வடக்குதான். எந்த ஊர் என்று யாரும் கேட்கவில்லை. பெலூ வீட்டு விதவை மார்த்தோடு சேர்ந்து வாழ ஆரம்பித்தார். அடுத்த வாரமே அவர் பெலூ ஆகிவிட்டார். மார்த் சாகும்போது வீட்டை அவருக்கு எழுதி வைத்தாள். தபால்காரரும் பெலூ என்று போட்டால்தான் கொண்டுவந்து கொடுப்பார். கோபுரத்தின் மேல் நின்று அந்தப் பெண்ணிடம் நான் சொன்னது இருபத்தாறு வீட்டுப் பெயர்கள். மனிதர்களின் பெயர் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை. அது எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

‘எல்’ வரிசையில் ஐந்தாவது பெயர். லவாஸர், உர்பேன். பிறந்த இடம், ருவானுக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு ஊர்.

நான் விரலை வைத்தேன். அவர் கையெழுத்துப் போட்டார். நிதானமாக, எழுத்து எழுத்தாக. பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. ஒன்றுமே இல்லாமலும் இருந்திருக்கலாம்.

மத்தியானம் அவர் வீட்டுக்குப் போனேன். சூப் குடித்துக்கொண்டிருந்தார். தட்டின் அடியில் மிச்சமிருந்ததில் சிவப்பு ஒயினை ஊற்றி, தட்டோடு தூக்கிக் குடித்தார், எங்கள் ஊர்க்காரர்களைப் போலவே. நான் எதிரில் உட்கார்ந்தேன். ஒரு மணி அடித்தது. மறுபடியும் அடித்தது.

“அந்த மதாம் உங்க மகள்,” என்றேன்.

“எந்த மதாம்?”

“அக்ரூட் குடுத்தீங்களே.”

“நிறையப் பேருக்குக் குடுக்கறேன்.”

“ருவான்லேருந்து வந்தவங்க. உங்களைத் தேடித்தான் வந்தாங்க. நான்தான் இல்லைன்னு சொல்லி அனுப்பிட்டேன்.”

அவர் வாயைத் துடைத்துக்கொண்டார். ரொட்டித் துணுக்குகளை விரலால் ஓரிடத்தில் கூட்டினார்.

“அன்னிக்கு உங்ககிட்ட படத்தைக் காட்டினாங்களா?” என்றேன். “பேர் சொன்னாங்களா?”

“என்னைக் கேக்கறியே. பக்கத்துல நின்னது நீதான?”

“எனக்கு ஞாபகமில்ல.”

“எனக்கு மட்டும் இருக்கணுமா?”

இது மழுப்பலா, உண்மையா? இடது காது அவருக்கு மந்தம். கண்ணாடியைச் சமையலறையிலேயே வைத்துவிட்டுத்தான் வாசலில் உட்காருவார். எல்லாமே இருக்க முடியும்.

“உங்களை இறந்துபோனவர்னு எழுதி வாங்கப் போறாங்க,” என்றேன். “கோர்ட்டுல.”

“இன்னிக்குத்தான ஓட்டுப் போட்டேன்,” என்றார். சிரிக்கவில்லை. பிறகு, “அன்னிக்கே போயிட்டாளா?” என்று கேட்டார்.

“நாலரை வண்டியில.”

“அந்தச் செருப்பைப் போட்டுக்கிட்டு.”

நான் எழுந்து கதவுக்குப் போனேன். பின்னால் குரல் வந்தது.

“எழுதறதுன்னா பெலூன்னு எழுது. லவாஸர்னு போட்டா தபால்காரன் கொண்டாற மாட்டான்.”

இது சம்மதமா, கேலியா என்று புரியவில்லை. மூன்று நாள் அதையே யோசித்தேன். ஒருவர் ஒளிந்திருக்க விரும்பினால் அவரைக் காட்டிக்கொடுக்க நான் யார்? ஒளிந்திருந்தாரா என்பதே தெரியாதே. முப்பது வருடம் அவரை யாரும் பெயர் கேட்கவில்லை, அவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் நான் சொல்லியிருக்கிறேன். தெரியாமல் சொன்னாலும் என் வாயிலிருந்து வந்தது. அதைத் திருத்துவது என் வேலை, அவருடையது அல்ல என்று நான்காம் நாள் தோன்றியது.

வருகையாளர் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். ‘எஸ். மாலே, ருவான். காற்று அதிகம்.’ தெரு இல்லை. ரேமோந்தின் கடையில் தொலைபேசித் துறை கொடுத்திருந்த சிறு திரைப்பெட்டி ஒன்று உண்டு. ஊரும் பெயரும் தட்டினால் முகவரிகள் வரும். மாலே என்று தட்டினோம். வந்துகொண்டே இருந்தன.

“முப்பத்திரெண்டு மாலேயா!” என்றாள் ரேமோந்த். “ஒரே ஊர்ல! இவங்களுக்கெல்லாம் வீட்டுப் பேரு கிடையாதா? எப்படித்தான் பொழைக்கறாங்களோ.”

“ரேமோந்த், தொப்பி நல்ல தொப்பின்னு சொன்னது நீதான?”

“நானேதான். வேற யாரு சொல்லுவா?” உடனே சொன்னாள். அவ்வளவு சீக்கிரம் பதில் வந்ததால் எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஊரில் நடக்கிற எல்லா வேடிக்கையும் தன்னுடையது என்று நினைப்பவள்.

முப்பத்திரண்டு கடிதங்கள் எழுதினேன். எல்லாம் ஒன்றே. ‘மதாம், மார்ச் மாதம் நீங்கள் எங்கள் கோபுரத்தில் ஏறினீர்கள். நான் தவறாகச் சொல்லிவிட்டேன். அவர் இங்கே இருக்கிறார். அக்ரூட் கொடுத்தவர் அவர்தான்.’ எட்டுப் பேர் பதில் போட்டார்கள். ஒருவர் தாம் எந்தக் கோபுரத்திலும் ஏறியதில்லை, தலைசுற்றும் என்று எழுதியிருந்தார். ஒரு கிழவி அக்ரூட் கிலோ என்ன விலை என்று கேட்டிருந்தாள். ஏப்ரல் கடைசியில் ஒரு சின்ன அட்டை வந்தது. ‘காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். திரும்ப வாங்க முடியும் என்கிறார் வக்கீல். எந்தக் கிழமை வரலாம்? சோலாஞ்ஜ் மாலே.’

அட்டையை பெலூவிடம் கொடுத்தேன். கையை நீட்டித் தூரமாகப் பிடித்துப் படித்தார்.

“சனிக்கிழமை,” என்றார்.

மே மாதம் ஒரு சனிக்கிழமை வந்தார். இந்தத் தடவை தட்டையான செருப்பு. நான் வாசல்வரை கூட்டிக்கொண்டு போனேன். பெலூ சட்டைக் கழுத்துப் பித்தானைப் போட்டுக்கொண்டு கதவில் நின்றார்.

“வாங்க மதாம்,” என்றார், முன்பின் தெரியாதவரிடம் சொல்வதுபோல.

“வந்துட்டேன்,” என்றார் அவர். அவ்வளவுதான். கதவு சாத்திக்கொண்டது.

நான் கிணற்றுக் கல்லில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே பேச்சுச் சத்தம் கேட்கவில்லை. நான்கு அடித்தது. மறுபடி நான்கு. பிறகு மரச் சுத்தியல் சத்தம் கேட்டது. மே மாதத்தில், பழைய அக்ரூட்டை, யாரோ உடைத்துக்கொண்டிருந்தார்கள். நாலரை வண்டி போய்விட்டது. ஆறு மணிக்கு சோலாஞ்ஜ் வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கண் சிவந்திருந்ததா என்று நான் பார்க்கவில்லை.

“ஏன் போனார்னு கேட்டேன்,” என்றார். “சொன்னார். ஆனா அது ஒரு காரணமான்னு எனக்குப் புரியல. நாளைக்கு மறுபடி கேக்கணும்.”

அந்தக் காரணத்தை அவர் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வேறொன்றுதான் கேட்டேன்.

“அன்னிக்கு, முதல் தடவை, இந்த வாசல்ல படத்தைக் காட்டினீங்களா? தொப்பி நல்லா இருக்குன்னு சொன்னது அவரா?”

அவர் என்னை வியப்பாகப் பார்த்தார்.

“நீங்கதான சொன்னீங்க, முசியே? படத்தைக் கையில வாங்கிக்கிட்டு, மழைத்துளியைத் துடைச்சுட்டு, நீங்கதான் சொன்னீங்க.”

“இங்கயா?”

“இங்கதான்னு நினைக்கறேன்.” கொஞ்சம் யோசித்தார். “இல்ல, கோபுரத்து மேலயா?”



பெலூ நான்கு வருடம் கழித்து, பிப்ரவரியில், தூக்கத்தில் இறந்தார். கல்லறையில் லவாஸர் என்று இருப்பதால் ஊர்க்காரர்கள் பூ வைக்கப் போகும்போது இன்னும் தேடுகிறார்கள். ரேமோந்த் கடையை மூடிவிட்டுத் தன் தங்கையோடு ஃபிஜாக்கில் இருக்கிறாள். சோலாஞ்ஜ் கோர்ட்டுக் காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். ஓய்வு பெற்ற பிறகு அப்பா வீட்டுக்கே குடிவந்துவிட்டார். ஊரில் அவரை பெலூ என்றுதான் கூப்பிடுகிறோம். கோபுரத்துச் சாவி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.